இருபதில் ஏழாவது

அத்தியாயம் 11

சாந்தினி தன் கணவரோடு பேசுவதை நிறுத்தி அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது. அதற்காக வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. எல்லாம் மகள் லோஷினி வழியாகச் சுற்றிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

"லோஷினி, இட்லி ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

ஹேமநாதன் மேசைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இட்லி ஆறுதாம்."

"சட்னி இன்னும் வரலன்னு சொல்லு."

"அம்மா, சட்னி..."

"எனக்குக் காது கேக்குது," என்றாள் சாந்தினி, மகளைப் பார்த்து. சட்னி வந்தது. கொஞ்சம் வேகமாகவே வந்து, பாதி மேசையில் சிந்தியது.

சண்டைக்குக் காரணம் வாசலில் நின்றது. கத்திரிப்பூ நிறம். கதவு இரண்டும் பக்கவாட்டில் திறக்காமல் இறக்கை மாதிரி மேலே எழும்பும். பெயர் வேங்கை. மொத்தம் இருபது வண்டிதான், அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்வதில்லை என்று சொல்லி விற்ற வண்டி. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகட்டில் 7/20 என்று பொறித்திருந்தது. விலை இரண்டு லட்சத்து அறுபதாயிரம் மலேசிய வெள்ளி. ஹேமநாதன் வீட்டில் சொன்ன விலை தொண்ணூறாயிரம். போன திங்கட்கிழமை இன்சூரன்ஸ் தாளை லோஷினி யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டாள். அத்தோடு சாந்தினியின் வாய் பூட்டிக்கொண்டது.

அவள் ஏன் கத்தவில்லை என்பதுதான் ஹேமநாதனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பழைய ஜப்பான் வண்டியை வாங்கி, உடம்பை மாற்றி, உறுமலை மாற்றி, வேங்கை என்று பெயர் வைத்து விற்றவன் அவளுடைய சொந்தத் தம்பி ஜீவன். விலையைத் திட்டினால் தம்பியைத் திட்டினதாகும். கத்தவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் அவள் தேர்ந்தெடுத்த வழி இது.

ஹேமநாதன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷம் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போய்வந்தவர். ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவில் ஒரு மோட்டார். எல்லாம் ஒரே கறுப்பு, எல்லாம் ஒரே புகை. வேலை முடிந்து வந்தால் தன்னுடையது எது என்று நிறுத்துமிடத்தில் தேடியே பாதி ஆயுள் போயிற்று. வேலையை விட்டதும் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தேடவேண்டாத வண்டி ஒன்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாசாய் முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை.

"உங்கம்மா என்கூட வர்றாங்களான்னு கேளு."

"அப்பா, அதுல ரெண்டு சீட்டுதான் இருக்கு. நாம மூணு பேரு."

"அதான் கேக்குறேன்."

"நான் என் காடியில வர்றேன்னு சொல்லு," என்றாள் சாந்தினி. தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு, பதினாலு வருஷப் பழைய தன் சின்ன வண்டியில் மகளோடு ஏறிக் கிளம்பிவிட்டாள்.

அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக ஒன்பது வேகத்தடை. வேங்கையின் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரம். ஒவ்வொரு மேட்டிலும் ஹேமநாதன் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம், மறு சக்கரம் என்று பிள்ளைத்தாச்சியை நடத்திக் கூட்டிப்போவது போல் கூட்டிப்போனார். மூன்றாவது மேட்டில் ஒரு சைக்கிள் அவரை முந்தியது. ஐந்தாவது மேட்டில் ரொட்டி விற்கிறவர் முந்திப் போய், திரும்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஹேமநாதன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கோயில் வாசலுக்கு வந்ததும் பிரேக்கை மிதித்தார்.

பந்தலுக்குக் கீழே இன்னொரு வேங்கை நின்றது. மஞ்சள் நிறம்.

முதலில் சந்தோஷம்தான். இருபதில் இன்னொன்று! சொந்தக்காரரைச் சந்தித்தது போல் இருந்தது. அந்த வண்டியிலிருந்து ஓர் அம்மாளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'எடுத்துக்கொண்டிருந்தார்கள்' என்பதுதான் சரி. நெட்டையான டிரைவர் ஒரு கையைப் பிடிக்க, கோயில் ஆள் ஒருவர் மறு கையைப் பிடிக்க, அம்மாள் தரையோடு தரையாக இருந்த சீட்டிலிருந்து கிணற்றிலிருந்து வருகிற மாதிரி வந்தார்.

"வேலு, சேலையைப் பாத்து இழுப்பா. காலை இழுக்காத, கையை இழு."

நிமிர்ந்து நின்றதும்தான் ஆள் யாரென்று தெரிந்தது. நாச்சம்மை ஆச்சி. ஜொகூர் பாருவில் இரும்புக்கடை, வாடகைக் கடைகள் என்று வைத்திருப்பவர். வயது அறுபத்தேழு. வண்டி ஓட்டத் தெரியாது.

"நீங்களும் வாங்கிட்டீகளா தம்பி?" என்றார், கத்திரிப்பூ வண்டியைப் பார்த்து. "நல்ல காரியம். தங்கம் வாங்குனா லாக்கர்ல தூங்கும். இது வாசல்ல நின்னு நம்ம பேரைச் சொல்லும். விலையும் ஏறும்."

ஹேமநாதன் திரும்பிப் பார்த்தார். சாந்தினி தேங்காய்த் தட்டோடு பின்னாலேயே நின்றாள். கேட்டிருப்பாள். கேட்கட்டும்.

அர்ச்சுனன் பூசாரி மஞ்சள் வண்டியை முடித்துவிட்டு வந்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனவர், முன்பக்கம் கையை விட இடமில்லாமல் அப்படியே குப்புறப் படுத்தார்.

"ஏங்க, முப்பது வருஷமா லாரிக்கும் பஸ்ஸுக்கும் பழம் வச்சவன் நான். காடிக்கு விழுந்து கும்பிட வச்சது நீங்க ரெண்டு பேருதான்."

எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே தலையை விட்டார். பித்தளைத் தகட்டைப் பார்த்தார். தலையை வெளியே எடுத்தார்.

"இதுக்கு இப்பத்தானே பொட்டு வச்சேன்."

"இல்லியே, நான் இப்பத்தானே வர்றேன்."

"ஏழுதானே? ஏழுக்கு வச்சாச்சு."

ஹேமநாதன் மஞ்சள் வண்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பித்தளைத் தகடு. நடுவில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் பளிச்சென்று, 7/20.

"ஆச்சி... இது என் நம்பரு."

"என் நம்பரு தம்பி அது. எனக்கு ஏழுதான் ராசி. கேட்டு வாங்குனேன்."

"நானும் கேட்டுத்தான் வாங்குனேன்."

இரண்டு பேரும் ஒருவர் வண்டியில் ஒருவர் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். பூசாரி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

"அர்ச்சனை ரெண்டு பேர்லயும் பண்ணிடவா, இல்ல ஒரு ஏழுக்கு மட்டுமா?"

ஆச்சி அவரைக் கவனிக்கவில்லை. "எவ்வளவு குடுத்தீக?"

"ரெண்டு அறுபது."

"நான் ரெண்டு நாப்பது."

அந்த இருபதாயிரம் எதற்கு என்று ஹேமநாதனுக்குத் தெரியும்; சாந்தினிக்குத் தெரியாது. அவர் மெல்லத் திரும்பினார். சாந்தினி அவரைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி முருகனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அது வேண்டுதல் மாதிரித் தெரியவில்லை. தம்பியின் பெயர் மாதிரித் தெரிந்தது.

*

தெப்ராவில் ஜீவனின் பட்டறைக்கு மூன்று வண்டியும் ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஜீவன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். முதலில் அவனுக்குத் தெரிந்தது மாமாவின் செருப்பு. பிறகு அக்காவின் செருப்பு. மூன்றாவதாக ஆச்சியின் தங்கக்கரைச் சேலை. அவன் வெளியே வராமல் இன்னும் ரெண்டடி உள்ளே போனான்.

"டேய், வெளிய வாடா," என்றாள் சாந்தினி.

வந்தான். நாற்பத்தொரு வயது. மூக்கில் கிரீஸ்.

"உனக்கு எண்ணத் தெரியாதா? ஆறுக்கு அப்புறம் ஏழு, ஏழுக்கு அப்புறம் எட்டு. நம்ம அப்பா உன்னை ஸ்கூலுக்கு அனுப்புனாரா இல்லையா?"

"அக்கா, எட்டு யாருக்கா வாங்குவா?"

"என்னது?"

ஜீவன் எழுந்து, ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். நீண்ட நாள் மனதில் வைத்திருந்ததைச் சொல்கிறவன் மாதிரி ஆரம்பித்தான்.

"இருபது நம்பர்னு விளம்பரம் போட்டுட்டேன். போட்டப்புறம்தான் தெரிஞ்சது. நம்மாளுங்க எட்டுன்னா சனிங்கிறாங்க. சரி, எட்டை ஒரு சீனருக்குக் குடுக்கலாம்னு பாத்தேன். வந்தாரு, பிடிச்சிருந்துச்சு. நாலாம் நம்பரும் இதே பட்டறையில செய்வியான்னு கேட்டாரு. செய்வேன்னேன். நாலுன்னா அவங்களுக்குச் சாவாம், எந்திரிச்சுப் போயிட்டாரு. பதிமூணுன்னா வெள்ளக்காரன் ஓடுறான். பதினேழைக் கூட்டுனா எட்டாம், அதுவும் வேணாம். ரெண்டு வேணாம், ரெண்டாந்தாரம் மாதிரி இருக்காம். வர்றவங்க எல்லாரும் ஏழு, ஏழு, ஏழு. நான் என்ன பண்ணட்டும்? ஏழு செஞ்சு குடுத்தேன்."

"எத்தனை ஏழுடா?" என்று கேட்டார் ஹேமநாதன்.

"மூணு மாமா. மூணாவது சிங்கப்பூர் ஆளு."

"அலமாக்," என்று வாயில் கை வைத்தாள் லோஷினி.

"மாமா, ஒரு நிமிஷம். கோவப்படாம கேளுங்க. மொத்தத்துல நான் செஞ்சதே ஆறு வண்டிதான். ஒண்ணு, மூணு, ஒம்பது, மூணு ஏழு. இனிமே செய்யவும் போறதில்ல, கையில காசு இல்ல. நீங்க இருபதுல ஒண்ணுன்னு நினைச்சு வாங்குனீங்க. நான் உங்களுக்கு ஆறுல ஒண்ணு குடுத்திருக்கேன். யோசிச்சுப் பாத்தா நீங்கதான் எனக்கு மேல போட்டுக் குடுக்கணும்."

சாந்தினி கோயில் தட்டிலிருந்து தேங்காய் மூடியை எடுத்து எறிந்தாள். அவன் குனிந்ததால் அது போய்ப் பெயிண்ட் டப்பாவில் பட்டது.

ஹேமநாதன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, எது என்னுடையது, எது என்னுடையது என்று தேடிக்கொண்டிருந்த பழைய களைப்புதான் வந்தது. இவ்வளவு காசு கொடுத்தும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோமா?

ஆச்சி மட்டும் மூன்று வண்டிகளுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். சாந்தினியின் சின்ன வண்டியையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

"தம்பி, உங்க வண்டியை எனக்குக் குடுத்துடுங்க. ரெண்டு எழுபது தர்றேன்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒரே நம்பர்ல மூணு இருந்தா மூணுக்கும் மதிப்பு இல்ல. மூணும் ஒரே வீட்டுல இருந்தா அதுக்குத்தான் மதிப்பு. சிங்கப்பூர்க்காரரை நான் பாத்துக்குறேன். யோசிச்சுச் சொல்லுங்க. நாலரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. வேலு, என்னைய வண்டியில போடுப்பா."

*

மத்தியானச் சாப்பாட்டை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. லோஷினி ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறவள். இடிபட்ட வண்டிகளுக்கு மதிப்புப் போடுவதுதான் அவள் பிழைப்பு. ஹேமநாதன் வாசலுக்கு அவளைக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. என்ன பெறும் இது?"

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உள்ள இருக்குற பழைய வண்டி தொண்ணூறாயிரம்பா. மாமா செஞ்ச வேலை ஒரு அம்பதாயிரம். மிச்சம் ஆசைக்கு."

"ஆசைக்கு விலை போட மாட்டீங்களா உங்க ஆபீஸ்ல?"

"ஆச்சிதான் போட்டுட்டாங்களே. ஆச்சி ஆசைப்படுற வரைக்கும் இது ரெண்டு எழுபது. அவங்க மனசு மாறிட்டா நூத்தி நாப்பதுகூடப் போகாது. வித்துருங்கப்பா. அம்மா கேட்ட மாதிரி அடுப்படியை நீட்டிக் கட்டலாம்."

உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அந்தக் குறுகலான அடுப்படியில் திரும்பினால் ஏதாவது ஒன்று விழத்தான் செய்யும். ஹேமநாதன் வண்டியின் கூரையைத் தடவிப் பார்த்தார். வெயிலில் சுட்டது. கையை எடுத்தார்.

நாலு பத்துக்கு ஆச்சிக்குத் தகவல் அனுப்பினார். 'சரி ஆச்சி.' இரண்டே வார்த்தை. இரண்டு குறியும் உடனே நீலமாயிற்று. ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசியாக ஒருமுறை துடைத்துக் கொடுக்கலாம் என்று துணி எடுக்கத் திரும்பினார்.

வாசல்படியில் சாந்தினி நின்றாள். சேலை மாற்றியிருந்தாள். கையில் கைப்பை.

"நான் ஒரு தடவை ஏறிப் பாக்கணும்."

ஹேமநாதன் அனிச்சையாக மகளைத் தேடினார், என்ன சொல்கிறாள் என்று கேட்க. லோஷினி அங்கே இல்லை. அப்போதுதான், அவள் தன்னிடமே பேசுகிறாள் என்பது உறைத்தது.

"வா... வா. ஏறு."

கதவு மேலே எழும்பியது. சாந்தினி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் வாடியது. மூன்று வருஷமாக அவளுக்கு வலது முட்டி சரியாக மடங்குவதில்லை. காலையில் ஆச்சியை வெளியே எடுத்த காட்சியை அவளும்தான் பார்த்திருந்தாள்.

"வேணாம். என்னால குனிய முடியாது. நீங்க போங்க."

"இரு," என்றார் ஹேமநாதன். கதவோரத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார்.

இருக்கை லேசாக முனகியது. பிறகு மெல்லத் திரும்பி, வெளியே வந்து, உயர்ந்து, சாப்பாட்டு மேசை நாற்காலி உயரத்தில் அவள் முன்னால் நின்றது.

சாந்தினி இருக்கையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னாது இது?"

"உன் முட்டிக்கு. ஜீவன்கிட்ட சொல்லி வைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி வேன்ல வைக்கிற சாமானாம். இதுக்காகத்தான் எனக்கு இருபதாயிரம் கூட ஆச்சு."

"மத்த வண்டியில இருக்கா?"

"எதுலயும் இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"யார் வழியா சொல்றது?"

சாந்தினி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உட்கார்ந்தாள். இருக்கை அவளைத் தூக்கி, திருப்பி, உள்ளே கொண்டுபோய் வைத்தது. சேலைகூடக் கலையவில்லை.

தாமானில் ஒன்பது மேட்டையும் கோணலாகத் தாண்டினார்கள். ஐந்தாவது மேட்டருகே மூன்றாவது வரிசை வீட்டு புஷ்பவள்ளி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மகன் வாங்கிய வண்டியைப் பற்றி வாரம் தவறாமல் சாந்தினிக்குச் சொல்லிவந்தவள். கையில் இருந்த வேட்டியைக் கீழே விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றாள்.

"மெதுவா போங்க," என்றாள் சாந்தினி.

"மெதுவாத்தான் போறேன்."

"இன்னும் மெதுவா."

பெரிய ரோட்டுக்கு வந்ததும் வேங்கை ஒரு உறுமு உறுமியது. சாந்தினி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெர்மாஸ் பாலத்தில் ஏறும்போது பிடி தளர்ந்தது. கடல் பக்கத்துக் காற்றில் அவள் முந்தானை ஹேமநாதனின் முகத்தில் வந்து விழுந்தது, அவர் விலக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

போனார்.

"வித்துடாதீங்க," என்றாள்.

ஹேமநாதனின் கால் தானாகப் பெடலை விட்டது.

"அடுப்படி..."

"அடுப்படியில இருபத்தெட்டு வருஷம் நின்னாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் நிக்கிறேன். ஏழோ எட்டோ, எவன் வேணா என்ன நம்பர் வேணா வச்சுக்கட்டும். இந்த சீட்டு யார்கிட்டயும் இல்லல்ல? ஆச்சிகிட்ட முடியாதுன்னு சொல்லிடுங்க."

சட்டைப் பையில் இருந்த ஃபோன் கல்லாகக் கனத்தது. எப்படிச் சொல்வது என்று அவர் வாயைத் திறந்தார். அதற்குள் வண்டியின் திரையில் பெரிய எழுத்தில் பெயர் வந்தது: நாச்சம்மை ஆச்சி. மணி வண்டி முழுக்க ஒலித்தது. அவர் தடுப்பதற்குள் சாந்தினியின் விரல் பச்சையைத் தொட்டுவிட்டது.

"தம்பி, சந்தோசம்! உங்க பதிலைப் பாத்தேன். வேலு சாவிக்கு உங்க வாசல்ல நிக்கிறான், உங்க பொண்ணு டீ குடுத்துச்சாம். நாலரைக்குள்ள வந்துடுவீகல்ல?"

ஹேமநாதன் "ம்" என்றார். அது பதிலா இருமலா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

சாந்தினி அவரையே பார்த்தாள்.

"எப்ப சொன்னீங்க?"

"நாலு பத்துக்கு. நீ பேசலையே... அடுப்படிக்குன்னு..."

அவள் திரையில் மணியைப் பார்த்தாள். நாலு இருபத்தைந்து. முன்னால் ரோடு இரண்டாகப் பிரிந்தது.

"இப்படியே போனா எங்க போகும்?"

"ஹைவேக்கு."

"ரெங்கத்துல எங்க அங்கம்மா சின்னம்மா வீடு இருக்குல்ல? அங்க விடுங்க."

"சாந்தினி, நான் வாக்குக் குடுத்துட்டேன். தப்பு அது."

"என்ன தப்பு? இன்னும் அஞ்சு நிமிஷத்துல ராகு காலம். ராகு காலத்துல ஆச்சி சாவி வாங்குவாங்களா? ஆறு மணி வரைக்கும் அவங்களே வேணாம்பாங்க. ஆறு மணிக்கு வண்டி ஊர்ல இருக்காது. நாளைக்கு நான் நேர்ல போய்ப் பேசிக்கிறேன். திருப்புங்கன்னா."

ஹேமநாதன் மனைவியைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் ஒருநாள்கூட ஒரு பொய் சொல்லாதவள், ஓடிப்போகிற பெண்ணைப் போலக் கன்னம் சிவந்து, கையை நீட்டிப் பாதையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டியை வலது பக்கம் ஒடித்தார். வேங்கை பாய்ந்தது.

"அந்த வேலு நின்னு நின்னு பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் சாந்தினி.

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"போற வழியில வண்டிக்கு எண்ணெ அடிச்சுக்கங்க தாயி, ரெங்கம் தூரமாச்சே," என்றார் நாச்சம்மை ஆச்சி. "நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்."